காபிக்கு எது, தயிருக்கு எது? பாலைக் குறைக்க நினைக்கும் வீடுகளுக்கு

பாலுக்குப் பதில் எதை வாங்குவது என்ற பேச்சு இப்போது சாதாரணக் குடும்பங்களுக்குள்ளும் வந்துவிட்டது. விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த மகள் தான் வீகன் ஆகிவிட்டதாக, அதாவது பால் உட்பட விலங்குகளிடமிருந்து வரும் எதையும் உண்பதில்லை என்று, சொல்கிறாள். அப்பாவுக்குக் காபி குடித்த சிறிது நேரத்தில் வயிறு உப்புகிறது. பாக்கெட் பால் என்றாலே கலப்படம் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். காரணங்கள் வேறு வேறாக இருந்தும், கடைக்குப் போனால் பெரும்பாலோர் கை நீட்டுவது பாதாம் பால் பெட்டியை நோக்கித்தான். நம் சமையலறைக்கு மிகக் குறைவாகப் பயன்படுவது அதுதான் என்பது என் முடிவு. ஏன் என்று சொல்கிறேன்.

தமிழ் வீட்டில் பாலுக்குப் பல வேலைகள் உண்டு. காலையில் டிகாக்‌ஷனோடு சேர்கிறது. இரவில் உறை ஊற்றினால் விடிவதற்குள் தயிராகிறது. குழந்தைக்கு டம்ளரில் போகிறது. நாள் கிழமையில் பாயசமாகிறது. காபியில் அது திரியாமல் இருக்க வேண்டும். தயிரில் கெட்டியாக உறைய வேண்டும். குழந்தைக்கு வளர்ச்சி தர வேண்டும். இந்த மூன்றையும் ஒருசேரச் செய்யும் தாவரப் பால் எதுவும் கடையில் கிடையாது. எனவே எந்தப் பாத்திரத்துக்கு எது என்று தனித்தனியாக முடிவெடுப்பதே நல்லது. பணமும் மிஞ்சும், வீட்டில் மனக்கசப்பும் வராது.

காரணத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

வயிறுதான் பிரச்சினை என்றால் அவசரப்பட்டுப் பாலை நிறுத்த வேண்டாம். பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பங்கு இருக்கிறது. அதைச் செரிக்கும் நொதி சிறு வயதில் நிறையச் சுரந்து, வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடுகிறது. நம் பக்கத்தில் இது மிகச் சாதாரணம். ஆனால் குறைவது வேறு, அறவே இல்லாமல் போவது வேறு. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலரும் ஒரே வேளையில் 12 கிராம் வரை தாங்குகிறார்கள். ஒரு டம்ளர் காபியில் 100 மில்லி பால் என்றால் லாக்டோஸ் 5 கிராம்தான். தொல்லை தருவது பெரும்பாலும் வெறும் வயிற்றில் குடிக்கும் ஒரு பெரிய டம்ளர் பால், அல்லது பால் சேர்த்த இனிப்பு. தயிரில் லாக்டோஸில் ஒரு பகுதியைக் கிருமிகளே தின்றுவிடுகின்றன. மீதியைச் செரிக்கவும் அவை கைகொடுக்கின்றன. ஆகவே இப்படிப்பட்டவர்கள் பாலைக் குறைத்துக்கொண்டு மோருக்கும் தயிருக்கும் மாறினாலே பல நேரம் போதும். லாக்டோஸ் நீக்கிய பசும்பாலும் பெட்டியில் கிடைக்கிறது. அந்தச் சர்க்கரையை முன்கூட்டியே உடைத்துவிடுவதால் அது சற்றுத் தித்திக்கும். காபிக்குச் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளலாம்.

பால் ஒவ்வாமை என்பது முற்றிலும் வேறு. அங்கே எதிரி பாலிலுள்ள புரதம். உடம்பில் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் வரை போகலாம். தயிரும் லாக்டோஸ் நீக்கிய பாலும் அவர்களுக்கு உதவா. ஆட்டுப் பால், எருமைப் பால் என்று மாற்றிப் பார்ப்பதும் ஆபத்து, ஏனென்றால் புரதங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய சாயல் கொண்டவை. இதை வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும்.

கலப்படப் பயத்தால் மாறுகிறவர்களுக்கு ஒரு செய்தி. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. உயிருக்கு ஊறு செய்யும் கலப்படம் இருந்தவை 12 மட்டுமே. அதே ஆய்வில் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறொன்று வெளிவந்தது. பூஞ்சை பிடித்த தீவனத்தின் வழியாகப் பாலுக்கு வரும் அஃப்லடாக்சின் நஞ்சு, தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் 88-ல் அளவுக்கு மேல் இருந்தது. இது தீவனத்தைச் சேமிக்கும் முறையால் வருவது. பால்காரர் தண்ணீர் ஊற்றுவதோடு இதற்குத் தொடர்பில்லை. பூஞ்சை பிடித்த வேர்க்கடலையிலும் இதே நஞ்சு உண்டு என்பதால், தாவரப் பாலுக்கு மாறினாலும் பருப்பை நன்றாகப் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும்.

பால் புரதத்தில் ஏ1, ஏ2 என்று இரண்டு வகை உண்டு; நாட்டு மாட்டுப் பால் ஏ2 பால் என்று கூடுதல் விலைக்கு விற்கப்படுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். காங்கேயமோ உம்பளாச்சேரியோ போன்ற நாட்டு மாடுகளை வளர்ப்பவருக்கு நல்ல விலை கிடைக்கட்டும், அந்த மாடுகள் நிலைக்கட்டும் என்று நினைத்து வாங்கினால் எனக்கு முழுச் சம்மதம். வயிற்று உப்புசம் தீரும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான், ஏனென்றால் லாக்டோஸ் நாட்டு மாட்டின் பாலிலும் அதே அளவில்தான் இருக்கிறது. எருமைப் பாலின் புரதமும் ஏ2 வகைதான், அதற்காக அதைப் பெரும்பாலும் யாரும் தனி விலைக்கு விற்பதில்லை. 2024 ஆகஸ்டில் இந்த ஏ1, ஏ2 அடையாளங்களை நீக்கும்படி சொன்ன ஆணையம், சில நாட்களிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. எனவே பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சத்துக்கணக்கு

பசும்பால் 100 மில்லியில் புரதம் 3 கிராமுக்குச் சற்று மேல், கால்சியம் சுமார் 120 மில்லிகிராம். இந்த இடத்தில் சோயா மட்டுமே பாலோடு தோள் சேர்ந்து நிற்கிறது. அதில் புரதம் ஏறத்தாழ 3 கிராம். ஓட்ஸ் பாலில் ஒரு கிராம் அளவில். பாதாம் பாலில் அரை கிராம். பாதாம் பருப்பு சத்து நிறைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பல பெட்டிகளில் பாதாமின் பங்கு நூற்றுக்குப் பத்துகூட இருக்காது, மீதி தண்ணீர். பெட்டியின் பின்புறம் சேர்மானப் பட்டியலில் சதவீதம் போட்டிருக்கும்; பாருங்கள். அந்தப் பணத்துக்குப் பாதாமையே வாங்கி ஊறவைத்துத் தின்றால் பலமடங்கு சத்து. (தேநீர்க் கடைகளிலும் இனிப்பகங்களிலும் குங்குமப்பூ போட்டுத் தரும் பாதாம் பால் பசும்பாலில் செய்வது. பாலைத் தவிர்க்க வேண்டியவர்கள் இதில் ஏமாந்துவிடக் கூடாது.)

கால்சியத்தில் எந்தத் தாவரப் பாலும் இயல்பாகப் பாலுக்கு ஈடாகாது. கடையில் விற்பவற்றில் கால்சியம் தனியாகச் சேர்க்கிறார்கள். அது அடியில் படியும், எனவே குலுக்கி ஊற்ற வேண்டும். வீட்டில் அரைத்து எடுப்பதில் அதுவும் இல்லை. இதற்காகக் கலங்க வேண்டியதில்லை. கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. எள், அகத்திக் கீரை, முருங்கைக் கீரை எல்லாம் நம் சமையலில் ஏற்கெனவே உள்ளவை. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். காலையில் கேழ்வரகுக் கூழ், வாரத்தில் சில நாள் கீரை, இட்லிக்கு எள்ளுப்பொடி என்று வைத்துக்கொண்டால் பாலைக் குறைத்ததன் இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடலாம்.

காபியும் தேநீரும்

பாலை மாற்ற நினைக்கும் வீடுகளில் முதல் தோல்வி இங்கேதான் நடக்கிறது. சோயா பாலையோ பாதாம் பாலையோ வழக்கம்போலப் பொங்கக் காய்ச்சி, கெட்டி டிகாக்‌ஷனை ஊற்றினால் திப்பித்திப்பியாகத் திரிந்துவிடும். டிகாக்‌ஷனில் இருக்கும் அமிலத்தையும் கொதி சூட்டையும் ஒரே நேரத்தில் தாங்கத் தாவரப் புரதங்களால் முடிவதில்லை. பாலைக் கொதிக்கவிடாமல் கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலாகச் சூடாக்கி, டிகாக்‌ஷனையும் கொஞ்சம் ஆறவிட்டு, சிறிது சிறிதாகக் கலந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். புதிதாக இறக்கிய முதல் டிகாக்‌ஷனைவிட இரண்டாவது இறக்கம் இதற்கு ஒத்துவரும்.

ஓட்ஸ் பால் இந்த இடத்தில் மற்றவற்றைவிட நன்றாக நடந்துகொள்கிறது. அதற்கென்று ஒரு பதமான இனிப்பும் உண்டு. வீட்டில் ஓட்ஸை அரைத்து வடிகட்டிச் சூடாக்கினால் கஞ்சியாகிக் கொழகொழக்கும். அதிலுள்ள மாவுச்சத்து வெந்துவிடுவதுதான் காரணம். கம்பெனிகள் நொதி சேர்த்து அந்த மாவுச்சத்தை உடைத்துவிடுகின்றன. அப்படி உடைந்தது மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக நிற்கிறது. எனவே ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று எழுதியிருந்தாலும் ஓட்ஸ் பால் நீரிழிவுக்காரரின் ரத்தச் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றக்கூடியது. வீட்டுக்கு ஒருவர் நீரிழிவு மாத்திரை போடும் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. காபிக்கென்றே விற்கும் வகைகளில் திரியாமல் இருக்கப் பாஸ்பேட் உப்பு சேர்ப்பதும் உண்டு. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்கட்டும்.

தேநீரில் இவ்வளவு சிக்கல் இல்லை. டிகாக்‌ஷன் அளவுக்கு அமிலம் தேநீரில் கிடையாது. இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்ட தேநீரில் ஓட்ஸ் பாலோ சோயா பாலோ குடிப்பவருக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. மாற்றத்தைத் தொடங்குவதற்கு மாலைத் தேநீரே ஏற்ற வேளை. காலைக் காபியில் கைவைத்தால் வீடே எதிர்க்கும்.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலின் கால்சியமும் சோயாவும் அந்த மருந்து உடம்பில் சேர்வதைத் தடுக்கின்றன, காபியும் அப்படியே. மாத்திரை போட்ட கையோடு எந்தப் பாலில் கலந்த காபியும் வேண்டாம், அரை மணி முதல் ஒரு மணி நேரம் போகட்டும். புதிதாகச் சோயாவுக்கு மாறுகிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது, மருந்தின் அளவை அவர் சரிபார்ப்பார்.

பாலே இல்லாத பானங்கள் நம்மிடம் எத்தனையோ இருந்தன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கருப்பட்டிக் காபி, சுக்கு மல்லிக் காபி, மதுரைத் தெருக்களில் இன்றும் விற்கும் பருத்திப் பால். ஒரு வேளைப் பால் காபிக்குப் பதில் சுக்கு மல்லிக் காபி வைத்தால், பெட்டிப் பால் எதுவும் வாங்காமலே அன்றைய பால் செலவில் ஒரு பங்கு குறைகிறது. பாலைப் போலவே ஒன்றைத் தேடி அலைவதைவிட இது எவ்வளவோ எளிது.

தயிர்

தயிர் சாதத்தை விட்டுக்கொடுக்க நம்மில் எத்தனை பேர் தயார்? பசும்பால் தயிர் உறைவது கேசீன் என்ற புரதத்தால். தாவரப் பால் எதிலும் அது இல்லை. ஓட்ஸ், அரிசி, பாதாம் பெட்டிப் பால்களில் உறை ஊற்றினால் புளித்த தண்ணீர்தான் மிஞ்சும். சோயா பால் உறையும். ஆனால் அதன் பச்சை மொச்சை வாடை தயிரிலும் நிற்கும். ஊறிய சோயாவைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்துச் சூட்டோடு அரைத்தால் அந்த வாடை வெகுவாகக் குறையும். அரைத்த பாலை நன்றாகக் கொதிக்கவைப்பதும் கட்டாயம், பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன.

என் தேர்வு வேர்க்கடலைத் தயிர். 150 கிராம் பச்சை வேர்க்கடலையைச் சொத்தை, சுருங்கல், பூஞ்சை பிடித்தவை நீக்கிப் பொறுக்கி, இரவு ஊறவைத்து, தோலை உரசி எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு நைசாக அரைத்து வடிகட்ட வேண்டும். அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டு, வெதுவெதுப்பாக ஆறியதும் உறை ஊற்றலாம். பால் பொருளே கூடாது என்பவர்கள் பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு உறைய வைக்கிறார்கள். முதல் முறை தளர்வாகத்தான் வரும். அதிலிருந்து எடுத்த உறையால் அடுத்த முறை கெட்டியாகும். தனியாக வாயில் போட்டால் கடலை மணம் தெரியும். கடுகு, பெருங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்துச் சாதத்தில் பிசைந்தால் அந்த மணம் அடங்கிவிடும். மோர்க்குழம்புக்கு இன்னும் பொருத்தம். வடிகட்டிய சக்கையை எறிய வேண்டாம், அடை மாவில் சேர்க்கலாம் அல்லது வறுத்துப் பொடியாக்கலாம். சக்கையோடு கொஞ்சம் போனாலும் புரதத்தில் பெரும்பகுதி பாலுக்கே வந்துவிடும். ஆனால் இந்தத் தயிரில் கால்சியம் குறைவு. மேலே சொன்ன கேழ்வரகும் கீரையும் அதற்காகத்தான்.

பாயசம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பருப்புப் பாயசத்துக்குத் தேங்காய்ப் பாலும் வெல்லமும் நம் பாட்டிகள் காலத்திலிருந்தே இருக்கின்றன. ஆப்பத்துக்கும் சொதிக்கும் அதைத்தான் ஊற்றுகிறோம். ஆனால் தேங்காய்ப் பாலில் புரதம் மிகக் குறைவு, நிறைவுற்ற கொழுப்பு அதிகம். அன்றாடம் டம்ளரில் ஊற்றிக் குடிக்க அது ஏற்றதில்லை.

விலையும் நிலமும்

ஆவின் நீலப் பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய். தனியார் பால் அதைவிடக் கூடுதல். சோயா பால் பெட்டி லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டும், பாதாமும் ஓட்ஸும் பெரும்பாலும் இருநூறுக்கு மேல். 2025 செப்டம்பர் 22 முதல் தாவரப் பால் பானங்களின் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்தும், சோயா பானங்களுக்கு 12 சதவீதத்திலிருந்தும் 5 சதவீதமாகக் குறைந்தது. அப்படியும் நாளுக்கு ஒரு லிட்டர் பால் செலவாகும் குடும்பம் முழுக்கப் பெட்டிக்கு மாறினால் மாதச் செலவு பலமடங்காகும். வீட்டில் அரைக்கும் வேர்க்கடலைப் பாலுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 25 ரூபாய்ப் பருப்பு போதும். ஆனால் ஊறவைப்பது, தோல் நீக்குவது, வடிகட்டுவது என்ற உழைப்பு யாருடையது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது ஒரு பெண்ணின் தலையில்தான் விழுகிறது. வீகன் ஆக விரும்புகிறவரே அரைக்கட்டும் என்பது நான் வற்புறுத்திச் சொல்லும் விதி.

பூமிக்காக மாறுகிறவர்களின் வாதத்தில் வலு இருக்கிறது. ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் 2018-ல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளியிட்ட கணக்குப்படி, உலகச் சராசரியில் ஒரு லிட்டர் பாலுக்கு 3 கிலோவுக்கு மேல் பசுங்குடில் வாயு வெளியாகிறது. சோயா, ஓட்ஸ், பாதாம் பால்களுக்கு ஒரு கிலோ அல்லது அதற்கும் குறைவு. நிலமும் பாலுக்குப் பத்து மடங்குபோலத் தேவைப்படுகிறது. தண்ணீரில் மட்டும் பாதாம் கெட்ட பெயர் எடுக்கிறது: லிட்டருக்கு 371 லிட்டர், சோயாவுக்கு 28. உலகின் பாதாமில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வறட்சியால் தவிக்கும் கலிபோர்னியாவில் விளைகிறது. திருவண்ணாமலையிலும் விழுப்புரத்திலும் விளையும் வேர்க்கடலை இருக்க, கடல் கடந்து வந்த பாதாமைத் தண்ணீரில் கரைத்து வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நம் ஊர் மாடு பெரும்பாலும் வைக்கோலையும் சோளத் தட்டையையும் தவிட்டையும் புண்ணாக்கையும் தின்கிறது. மனிதன் உண்ண முடியாதவை அவை. ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்களுக்குச் சொசைட்டியில் கிடைக்கும் பால் காசு, அறுவடைக்குக் காத்திராமல் கையில் வரும் வருமானம். உழவுக்கு டிராக்டர் வந்தபின் காளைக் கன்றுகளுக்கு மதிப்பில்லாமல் போனதும், அவை என்ன ஆகின்றன என்பதும் எனக்கு மனதை உறுத்தும் கேள்விகள். வீகன் பிள்ளைகள் இதைக் கேட்கும்போது வீட்டுப் பெரியவர்கள் சிரித்துத் தள்ளாமல் காது கொடுக்க வேண்டும்.

குழந்தைகள், முதியவர்கள், முழுக்க விடுகிறவர்கள்

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக எந்தத் தாவரப் பாலும் கூடாது, பசும்பாலும் அப்படித்தான். அதற்கடுத்த சில ஆண்டுகளிலும் பாதாம், ஓட்ஸ், தேங்காய்ப் பால்களைப் பாலுக்கு ஈடாக வைத்தால் புரதம் போதாது. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் சத்து சேர்த்த, இனிப்பில்லாத சோயா பால் ஒன்றே ஏறக்குறைய ஈடாகும், அதுவும் குழந்தை மருத்துவரின் சொல் கேட்டு. பசியும் சாப்பாடும் குறைந்துபோன முதியவர்களிடமும் பாலைப் பறிக்க வேண்டாம். பல வீடுகளில் பாட்டியின் புரதத்தில் பெரும்பங்கு அந்த இரண்டு டம்ளர் பாலிலிருந்தும் ஒரு கிண்ணத் தயிரிலிருந்தும்தான் வருகிறது.

மற்ற வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தேநீரைத் தாவரப் பாலுக்கு மாற்றுங்கள், ஒரு வேளைக் காபியைச் சுக்கு மல்லிக்கு விடுங்கள், தயிரைப் பசும்பாலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வாங்குவதானால் இனிப்பில்லாத, கால்சியம் சேர்த்த சோயா. சோயா ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் காபிக்காக மட்டும் தேடுபவர்களுக்கும் ஓட்ஸ்.

பாலை முழுவதுமாக விடுகிற சைவர்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனை, இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. பி12 வைட்டமின் கீரையிலும் பருப்பிலும் கிடையாது. மீனும் முட்டையும் தொடாத நம் வீடுகளில் அது வந்துகொண்டிருந்தது பாலும் தயிரும் வழியாகத்தான், அதுவும் அளவோடு. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறை உடனே தெரியாது. ஆண்டுகள் கழித்து ரத்தச்சோகை, கை கால் மரத்துப்போதல், மறதி என்று மெல்ல வெளிப்படும். நரம்பு ஒருமுறை பழுதானால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். எனவே பாலை நிறுத்தும் வாரத்திலேயே ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துக்கொண்டு, மருத்துவர் சொல்லும் மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.